பழவேற்காட்டுக் கோட்டை இடிபாடும் திருச்சபையின் நினைவுக் கடமையும்

சென்னையினின்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு என்னும் சிறு நிலையம் உளது. பொன்னேரி வட்டாரத்தின் நெல்வயல்களைக் கடந்து வடகிழக்கே செல்லும் சாலை, உவர்நிலங்களினூடே சென்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் முடிகின்றது. ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மீனவர் குப்பங்கள் பல அங்கு உள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் கோட்டைக்குப்பம். அப்பெயரைக் கேட்டு அங்குச் செல்வோர் கோட்டை எங்கே என்று வினவுவது இயல்பு. அவர்களுக்குக் காட்டப்படுவன முட்செடி மண்டிய ஒரு மேடும், அதனைச் சூழ்ந்த அகழியின் எச்சமும், ஆங்காங்கே சுண்ணாம்பு ஒட்டிய செங்கற் குவியலுமே. கெல்த்ரியா என்று டச்சுக்காரர் பெயரிட்டழைத்த கோட்டை அதுவே.

நம் குருமார் பலரும் இறையியல் மாணவர் பலரும் பழவேற்காட்டுக்குச் சென்றுவந்தவர்களே. இளைஞர் கூட்டத்தை அழைத்துச் சென்று படகிலேறிப் பூநாரை பார்ப்பதும், டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூட்டு உருவங்களைக் கண்டு வியப்பதும் வழக்கமாயிற்று. கோட்டை மேட்டின்பால் செல்வோர் மிகச் சிலர். அங்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். போரினால் அழிக்கப்பட்ட ஒரு கட்டடத்தை வரலாற்று நினைவுச்சின்னமாகப் பேணுதல் என்பது யாது, அதனை யார் பொருட்டுப் பேணவேண்டும், அதில் திருச்சபைக்குப் பங்கு உண்டா என்னும் வினாக்களை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இந்த மேட்டினை முன்வைத்தே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். விசயநகரப் பேரரசின் துறைமுகங்களுள் பழவேற்காடு சிறப்புற்று விளங்கியது. அராபிய வழிவந்த முஸ்லிம் வணிகரும் தெலுங்கு, தமிழ் வணிகரும் இங்கிருந்து மலாக்காவுக்கும் கீழைத் தீவுகளுக்கும் துணி அனுப்பினர். இத்துறையின் பெயரால் வழங்கிய கட்டமிட்ட துணி ஐரோப்பிய மொழிகளிலும் இடம்பெற்றது. பளையகாட் கைலி என நம் மக்கள் இன்றும் சொல்லுவதும் அதன் தொடர்ச்சியே. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இங்குக் குடியேறினர். 1610இல் வேங்கடபதி ராயரின் இசைவுடன் டச்சுக்காரர் ஒரு பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதனைத் தாக்கி அழிக்கவே, 1613இல் கோட்டை எழுந்தது. அப்போது தலைவராயிருந்த வெம்மர் வான் பெர்கெமின் சொந்த நாடாகிய கெல்டர்லாந்தின் பெயரால் அது கெல்த்ரியா எனப்பட்டது. ஆக, இக்கோட்டை போரிலே பிறந்தது எனலாம். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரையில் சோழமண்டலக் கரையிலிருந்த டச்சு வாணிப நிலையங்கள் யாவும் இங்கிருந்தே ஆளப்பட்டன. நாணயச்சாலையும் வெடிமருந்து ஆலையும் இங்கு இருந்தன. பழவேற்காட்டு வெடிமருந்து பத்தாவியாவுக்கும் சென்றது.

கோட்டையின் முடிவும் போரினாலேயே நேர்ந்தது. ஆங்கிலேயர் 1781இல் இதனைக் கைப்பற்றினர். 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1785இல் திருப்பித் தந்தனர். பிரெஞ்சுப் புரட்சிப் போரின்போது 1795இல் மீண்டும் கைக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கோட்டையை இடித்துத் தள்ளினர். 1818இல் ஊர் மறுபடியும் டச்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவர்கள் பெற்றது கோட்டையற்ற ஊரையே. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1825இல் அதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பீரங்கிக் குண்டு பட்டு விழுந்த சுவர் வேறு, வென்றவன் ஆளமர்த்தி இடித்த சுவர் வேறு என்று சிலர் வேறுபடுத்துவர். இவ்வேறுபாடு பொருளற்றதன்று, ஆயினும் பெரிதன்று. அக்காலப் போர்முறையில் இடித்தலும் போரின் ஒரு பகுதியே. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையடுத்த செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்தான். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை வென்று அதன் அரண்களையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். பகைவன் திரும்பிவரின் அவனுக்கு மதில் இருத்தலாகாது என்பதே நோக்கம்.

இவ்வரலாற்றில் திருச்சபைக்கு என்ன தொடர்பு எனக் கேட்கப்படலாம். தொடர்பு பல வகையில் உண்டு. நம் பாடநூல்கள் தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை 1706இல், சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையேறியதிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே பழவேற்காட்டில் சீர்திருத்தச் சபையின் போதகர் ஒருவர் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். அவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். 1632 முதல் 1642 வரை அவர் அங்கிருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் போர்த்துக்கீசிய மொழி வாயிலாக உரையாடி, இந்நாட்டுச் சமய நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் கேட்டறிந்து எழுதினார். 1649இல் அவர் மறைந்தபின், 1651இல் லெய்டன் நகரில் அந்நூல் வெளியாயிற்று. மறைந்துள்ள புறச்சமயத்துக்குத் திறந்த கதவு எனப் பொருள்படும் தலைப்பினை அது பெற்றிருந்தது. பர்த்ருஹரியின் நீதிமொழிகள் அதில் இடம்பெற்றன. சமஸ்கிருத நூலொன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதன்முறை. சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களின் பரம்பரையைப் பற்றி எழுதிய நூல் 1713இல் முடிக்கப்பெற்றும் 1867 வரை அச்சேறாமற் கிடந்ததை நினைக்கும்போது, பழவேற்காட்டுப் போதகரின் நூலுக்கு ஐரோப்பிய அறிவுலகில் நேர்ந்த செல்வாக்கு நன்கு விளங்கும். சமய உரையாடலைப் பற்றி இன்று நம் கல்லூரிகளில் வகுப்புகள் நடைபெறுகின்றன. அவ்வுரையாடலின் தொடக்க இடங்களுள் ஒன்று பேருந்து சென்று சேரும் தொலைவில் முட்புதருக்குள் கிடப்பதை எத்தனை மாணவர் அறிவர்?

மற்றொரு தொடர்பு நம் திருமறையோடு உண்டு. 1758 டிசம்பரில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது, வேப்பேரியிலிருந்த பெப்ரீஷியஸ் ஐயரும் அவருடன் ஊழியராயிருந்த பிரைத்தௌப்டும் பழவேற்காட்டுக்குத் தப்பிச் சென்றனர். டச்சுக்காரர் அவர்களுக்குப் புகலிடம் தந்தனர். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியபின் திரும்பிவந்து பணியைத் தொடர்ந்தனர். 1772இல் அச்சான பெப்ரீஷியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை எழுதிய கரம் அந்தப் போர்க்காலத்தில் காக்கப்பட்டது பழவேற்காட்டிலேதான். அதே போரிலே கடலூரினின்று வெளியேறிய கீர்நாந்தர் கல்கத்தாவுக்குச் சென்று அங்கு ஊழியத்தைத் தொடங்கினார். புதுச்சேரி வீழ்ந்தபோது கிடைத்த அச்சுப்பொறி வேப்பேரி மிஷனுக்கு வந்துசேர்ந்தது. வென்றவர் கொள்ளையிலிருந்து தமிழ்த் திருமறையின் அச்சு வளர்ந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியா, நாணம் தரும் செய்தியா என்பதை நாம் நம் மாணவரிடம் கேட்பதுண்டு. ஒருமித்த விடை இதுவரை வந்ததில்லை.

இவை நாம் விரும்பிச் சொல்லும் செய்திகள். விரும்பிச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. நினைவுச்சின்னம் என்னும் வினா உண்மையில் அங்கேதான் கூர்மையடைகின்றது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை, மனிதரும் ஏற்றுமதியாயினர். பத்தாவியாவிலும் கீழைத் தீவுகளிலும் பின்னர் இலங்கையிலும் டச்சுக் கம்பெனிக்கு வேலையாட்கள் வேண்டியிருந்தனர். சோழமண்டலக் கரையில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோதெல்லாம் அடிமை வாணிபம் பெருகிற்று. 1622, 1623ஆம் ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளினின்று ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாய் அனுப்பப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் அலைக்கழிக்கப்பட்டபோது 8,000 முதல் 10,000 பேர்வரை நாகப்பட்டினம், பழவேற்காடு, சென்னை ஆகிய இடங்களில் வாங்கப்பட்டுப் பெரும்பாலும் இலங்கைக்கு ஏற்றப்பட்டனர் என ஆய்வாளர் கணிப்பர். வயிற்றுக்கில்லாமல் தம்மையே விற்றவரும், பெற்றோரால் விற்கப்பட்ட குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். இவ்வாணிபத்தின் கணக்கு எழுதப்பட்ட இடங்களுள் கெல்த்ரியா தலையாயது.

ரொகேரியுஸ் தம் நூலுக்குச் செய்தி திரட்டிய ஆண்டுகளும் இவ்வாணிபம் நிகழ்ந்த காலத்திற்குள் அடங்கும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவர் கம்பெனியின் சம்பளம் பெற்ற போதகர். அக்காலத்துச் சபை அவ்வாறே அமைந்திருந்தது. 1618, 1619ஆம் ஆண்டுகளில் கூடிய தோர்த் சங்கத்தின் முன் கீழைத் தீவுகளினின்று ஒரு வினா வந்தது: கிறிஸ்தவர் வீடுகளில் வளரும் புறச்சமயத்தாரின் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குத் தரலாமா என்பது. அப்பிள்ளைகளுள் பலர் அடிமைகள். முதலில் உபதேசம், பின்னரே திருமுழுக்கு எனச் சங்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு திருமுழுக்கைப் பற்றியதேயன்றி, அப்பிள்ளைகள் அவ்வீட்டுக்கு வந்துசேர்ந்த வழியைப் பற்றியதன்று. தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அச்சங்கம் வகுத்த கோட்பாடுகளை நாம் வகுப்பில் பல மணிநேரம் விவாதிக்கிறோம். இந்த வினாவை ஒரு மணிநேரமேனும் விவாதித்தால் நலம்.

இப்போது பழவேற்காட்டின் இரு இடங்களையும் ஒப்பிட்டு நோக்குவோம். கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்குக் கிடத்தப்பட்ட டச்சுக்காரரின் பெயரும் பதவியும் பிறந்த ஊரும் இறந்த நாளும் கருங்கல்லில் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. குடும்பச் சின்னங்களும் உண்டு. அவர்களுடைய மனைவியர், மழலைகள் பெயரும் அழியாமல் நிற்கின்றன. கோட்டையின் ஆட்சியில் கப்பலேற்றப்பட்டவர்க்குக் கல் இல்லை, பெயர் இல்லை, அவர்கள் பொருட்டு ஒரு பலகையும் இல்லை. கலைத்திறன் உள்ளதைக் காப்பது தொல்லியல் துறையின் முறை, அதில் குறைகாண்பதற்கில்லை. கல்லறைத் தோட்டத்தை நன்கு காத்தமைக்காக அத்துறைக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அழகுள்ளது எஞ்ச, அழகற்றது மறைய, அழகுள்ளதன் கதையே ஊரின் கதையாகிவிடுகின்றது.

போரில் சிதைந்த கட்டடத்தை என்ன செய்வது என்பது கடந்த நூற்றாண்டில் உலகமெங்கும் எழுந்த வினா. சில இடங்களில் அவ்வினாவை எதிர்கொண்டவை திருச்சபைகளே. இங்கிலாந்தின் கவென்றி நகரப் பேராலயம் 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானக் குண்டுகளால் எரிந்தது. கூரையிழந்த சுவர்களை இடிக்காமல் விட்டு, பக்கத்திலேயே பேசில் ஸ்பென்ஸ் என்ற கட்டடக் கலைஞரைக்கொண்டு புதிய ஆலயம் எழுப்பினர். 1962இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. பழைய பலிபீடத்தின் பின்சுவரில் ஆலயத் தலைவர் ரிச்சர்ட் ஹோவர்டு மன்னிப்பு வேண்டும் ஒரு குறுஞ்சொற்றொடரைப் பொறிக்கச் செய்தார். சிலுவையில் ஆண்டவர் மொழிந்ததைப்போல் ‘இவர்களை’ என்னும் சொல் அதில் இல்லை. குண்டு போட்டவனையும் குண்டு பட்டவனையும் ஒருங்கே அவ்வேண்டல் உட்படுத்தியது. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் இவ்வுணர்வுக்கு வந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அதற்காக நகரத்தார் பலருடைய வெறுப்பையும் சுமந்தார்.

பெர்லினில் வில்லியம் பேரரசர் நினைவு ஆலயம் 1943இல் அழிந்தது. போருக்குப்பின் அதன் எஞ்சிய கோபுரத்தை அகற்றிவிட்டு முற்றிலும் புதிய ஆலயம் கட்டவே எகோன் ஐயர்மான் திட்டமிட்டார். நகரமக்கள் அதனை எதிர்த்தனர். உடைந்த கோபுரம் நின்றது; 1961இல் புதிய ஆலயம் அதனருகே எழுந்தது. பேரரசனின் புகழுக்காகக் கட்டப்பட்ட கோபுரம் உடைந்தபின் போரின் கேட்டைக் காட்டும் கோபுரமாயிற்று. ஜெர்மனியின் மற்றொரு நகரமாகிய திரெஸ்தனில் வழி வேறாக அமைந்தது. 1945 பிப்ரவரியில் வீழ்ந்த மாதா ஆலயம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கற்குவியலாகவே விடப்பட்டு, பின்னர் பழைய கற்களும் சேர்த்துக் கட்டப்பட்டு 2005இல் திறக்கப்பட்டது. ஹிரோஷிமாவிலோ, அணுகுண்டில் எலும்புக்கூடாய் நின்ற கட்டடத்தை அவ்வண்ணமே காப்பதென நகரமன்றம் 1966இல்தான் முடிவு செய்தது. அதனைப் பார்க்கும்போதெல்லாம் துயரம் திரும்புகின்றது, இடித்துவிடுங்கள் என்று கூறியோரும் அந்நகரத்தாரே. அவர்களுடைய கூற்றையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

தமிழருக்கு இவ்வினா தொலைவில் இல்லை. 1981 ஜூன் முதல் நாள் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எரிந்த கட்டடத்தை அவ்வாறே நினைவுச்சின்னமாக விட்டுப் புதியதை வேறிடத்தில் கட்டவேண்டும் என்று சிலரும், எரித்தவனுக்கு அதுவே வெற்றியாகும், நூலகம் மீண்டும் நூலகமாதல் வேண்டும் என்று வேறு சிலரும் வாதிட்டனர். இறுதியில் கட்டடம் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டது. வெள்ளைச் சுண்ணம் பூசப்பட்ட அக்கட்டடத்தைக் காணும் இளைஞனுக்கு அங்கு நிகழ்ந்தது தெரியாமற்போகும் என்ற ஏக்கம் அன்று பலரிடம் இருந்தது. அதே நகரத்து டச்சுக் கோட்டைக்குள் 1706இல் கட்டப்பட்ட சிலுவை வடிவச் சீர்திருத்தத் திருச்சபை ஆலயம் 1990ஆம் ஆண்டு முற்றுகையிலும் அதன் பின்னும் சிதைந்து கற்குவியலாயிற்று. பழவேற்காட்டுக் கோட்டைக்கும் அவ்வாலயத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே சபை. இங்கே இடித்தவன் வெள்ளையன். அங்கே போரிட்ட இரு தரப்பாரும் இலங்கைத் தீவின் மக்கள்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1857இல் முற்றுகையிடப்பட்ட லக்னோ ரெசிடென்சியின் உடைந்த சுவர்களை ஆங்கிலேயர் தம் வீரத்தின் சின்னமாகப் போற்றினர். 1947 வரை அங்கு அவர்கள் கொடி இரவிலும் இறக்கப்படாமல் பறந்தது. விடுதலைக்குப்பின் அரசு அதனை இடிக்கவில்லை. 1957இல், முற்றுகை நிகழ்ந்து நூறாண்டு நிறைந்தபோது, அதற்கெதிரே கோமதி ஆற்றங்கரையில் இந்திய வீரர்க்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. கற்கள் மாறவில்லை, அவற்றிற்கு உரிய பொருள் மாறிற்று. கான்பூரில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. அங்குக் கிணற்றின்மேல் ஆங்கிலேயர் நிறுவிய தேவதூதன் சிலை விடுதலைக்குப்பின் அகற்றப்பட்டு ஓர் ஆலய வளாகத்தில் வைக்கப்பட்டது. பேரரசு தன் நினைவுகளை வைத்துச்செல்லும் அறையாகத் திருச்சபை ஆகிவிடும் இடர் எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம் பழைய ஆலயங்களின் சுவர்களில் பதித்துள்ள பளிங்குப் பலகைகளை வாசித்துப் பார்ப்போர் இதனை உணர்வர்.

இப்பின்னணியில் பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். வரலாற்று ஆர்வலர் அவ்வப்போது கோட்டையை மீண்டும் கட்டவேண்டும், சுற்றுலா வளரும், ஊர் செழிக்கும் என்று கூறுவர். மீண்டும் கட்டுதல் தகாது என்பதே நம் துணிபு. முதலாவது, கட்டுவதற்குச் சுவரே இல்லை. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் மதிலும் பண்டகசாலையும் எஞ்சியிருந்தமையால் அவற்றைச் செப்பனிடுதல் இயன்றது. தரங்கம்பாடியின் டேனியக் கோட்டைக்கும் அஃதே. பழவேற்காட்டில் ஓவியங்களையும் வரைபடங்களையும் பார்த்து எழுப்புவது புதுக்கட்டடமே ஆகும். ஊகம் தொடங்குமிடத்தில் புதுப்பித்தல் நிற்கவேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் வகுத்த நெறி. இரண்டாவது, கோட்டை எழுந்து நின்றால் அது வெற்றியையும் செல்வத்தையும் பேசும். இடிந்து கிடக்கும்போதுதான் அதன் முழு வரலாற்றையும் பேசும். இடித்தவனும் அந்த வரலாற்றில் ஒரு பாத்திரம் அல்லனோ?

அப்படியாயின் முட்புதரிலேயே விட்டுவிடலாமா? கூடாது. வேர்கள் எஞ்சிய கட்டுமானத்தைப் பிளக்கின்றன. பழைய செங்கல் எடுத்துச் செல்வார்க்கு எளிதாகின்றது. சீமைக் கருவேலை அகற்றி, அகழியைத் தூர்க்காமல் காத்து, எஞ்சியுள்ள அடித்தளத்தை அளந்து பதிவுசெய்து, மேலும் சிதையாதபடி சுண்ணாம்புச் சாந்து இட்டு நிறுத்தினால் போதும். சிமெண்டு கூடாது, பழைய செங்கல் மூச்சுவிடும் வழியைச் சிமெண்டு அடைத்துவிடும், உப்பு உள்ளே தங்கிக் கல்லை அரிக்கும். ஏரிக்கரைச் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் பழவேற்காட்டார் நன்கறிந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைக்குச் சிப்பி சென்ற காலமும் உண்டு.

ஆனால் எளிதில் தீராத சிக்கல் ஒன்று இருக்கின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்புவதைத் தடைசெய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டவேண்டும். மண்டபமும் மாளிகையும் சூழ்ந்த நகரத்தில் இது நல்ல சட்டம். ஓலைக்குடிசையைக் கல்வீடாக்க ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கும் மீனவனுக்கு இது பெருஞ்சுமை. பழவேற்காட்டு மக்கள் இதற்கு முன்னரே பலமுறை பிறர் நன்மைக்காக இடம் விட்டுக்கொடுத்தவர்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அமைந்தபோது தீவினின்று வெளியேறிய குடும்பங்கள் இவ்வேரிக்கரைகளில் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் தெற்கே கடலோரத்தை நிரப்பிவருகின்றன. இவற்றோடு, முந்நூறு ஆண்டுக்கு முன் இவர்கள் முன்னோரை விற்ற கோட்டையின் பெயரால் இவர்களை இன்னொருமுறை நகரச் சொல்லுவோமாயின், அந்தச் சின்னம் எவருக்குச் சின்னம்?

ஆகவே, முதலில் கேட்கப்படவேண்டியவர்கள் குப்பத்தார். அவர்களிடம் பொதுச்சொத்தைப் பேணும் முறை இல்லாமலில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ எனப் பிரித்து, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். எந்த நாளில் எவருக்கு எந்த நீர் என்பது அதனால் முடிவாகும். திருமறையில் கோத்திரங்கள் சீட்டுப்போட்டு நிலம் பகிர்ந்ததைப் பிரசங்கிக்கும் நாம், அதனைத் தண்ணீரின்மேல் செய்துவரும் மக்களை அடுத்த ஊரில் வைத்துக்கொண்டு அவர்களைப் பிரசங்கத்தில் குறிப்பிடுவதில்லை. கோட்டை மேட்டின் எல்லை எதுவரை, வலை உலர்த்தும் இடம் எது, படகு ஏறும் வழி எது என்பன அவர்களுடைய ஊர்க்கூட்டத்தில் பேசப்பட்ட பின்னரே அரசுக்கு விண்ணப்பம் செல்லவேண்டும். அவர்களுள் கத்தோலிக்கர் உளர், இந்துக்கள் உளர். ஊரில் முஸ்லிம்கள் மிகுதி. சீர்திருத்தச் சபையார் மிகச் சிலரே. எனவே இது நம் சபையின் சொத்துரிமை பற்றிய செய்தியன்று. கடமை பற்றிய செய்தி மட்டுமே.

கடமை என்று நாம் கூறுவது யாது? யோர்தானின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியது, பிற்காலத்துப் பிள்ளைகள் இவை என்ன என்று கேட்கவேண்டும் என்பதற்காகவே. கல்லைக் காட்டிலும் கேள்வியும் விடையும் அங்கு முதன்மை பெறுகின்றன. நெகேமியாவோ, ஒரு சொல்லும் பேசாமல் இரவிலே எருசலேமின் இடிந்த மதிலைச் சுற்றிவந்து முழுவதையும் பார்த்தபிறகே மக்களைக் கூட்டினான். நம் சபைகளில் பார்ப்பதற்கு முன்னரே தீர்மானம் நிறைவேற்றும் வழக்கம் உளது. நூறாண்டு நிறைந்த ஆலயத்தை அடிக்கல் பலகையோடு இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் இரட்டைக் கோபுரம் எழுப்புதலை வளர்ச்சி எனக் கொள்ளும் மனநிலை நம்மிடையே வேரூன்றியுள்ளது. பகைவன் இடித்தால் வரலாறு, ஆலயக் கமிட்டி இடித்தால் திருப்பணி என்பது விந்தையான இலக்கணம். இடிக்கும் முன் ஒரு நிழற்படம், ஓர் அளவுப்படம், கல்வெட்டுகளின் ஒரு படி இவற்றையேனும் எடுத்துவைக்கும் ஆயர்கள் மிகச் சிலர். அச்சிலரை நாம் அறிவோம், மதிக்கிறோம். தீர்க்கதரிசிகளின் கல்லறைகளை அலங்கரித்தவரை ஆண்டவர் கடிந்துகொண்டதையும் மறத்தலாகாது. முன்னோரின் பாவத்தில் நமக்குப் பங்கில்லை என்று காட்டிக்கொள்வதற்காகவே அலங்கரித்தவர்கள் அவர்கள். பழவேற்காட்டில் நாம் எதை நாட்டினாலும் இக்கடிந்துரை நம்மீதும் விழக்கூடும்.

இறையியற் கல்லூரிகள் செய்யக்கூடியது சிறிது, ஆயினும் செய்யத்தக்கது. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெருந்தொகையாக உள்ளன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு. ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி கொச்சியைச் சார்ந்தவை. ஜெர்மன் மொழி பயின்று ஹாலே ஆவணங்களை வாசிக்கும் மாணவர் நம்மிடையே தோன்றியுள்ளனர். டச்சு மொழி பயின்று பழவேற்காட்டுக் கப்பற் கணக்குகளையும் திருமுழுக்குச் செய்திகளையும் வாசிக்க ஒருவரேனும் முன்வரவேண்டும். கப்பலேற்றப்பட்டவருள் சிலருடைய பெயர்களாவது அங்கிருந்து மீளக்கூடும். பத்தாவியாவிலும் கொழும்பிலும் திருமுழுக்குப் பெற்ற அடிமைகளுக்குப் புதுப்பெயர் இடப்பட்டது. சோழமண்டலத்தைச் சேர்ந்தவர் எனப் பொருள்படும் அடைமொழி சிலருடைய பெயரோடு நின்றது. அதைப் பற்றிக்கொண்டு தேடவேண்டும்.

பின்னர் அகழியின் ஓரத்தில், கல்லறைத் தோட்டத்தில் அன்று, ஒரு கல் நாட்டப்படலாம். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலாவினர் செல்வர். மீன் விற்கச் செல்லும் பெண்கள் செல்லார். கல்லில் தமிழும் தெலுங்கும் உருதுவும் இருத்தல் வேண்டும். ஆங்கிலம் கீழே சிறிதாக இருப்பின் போதும். கோட்டை கட்டப்பட்ட ஆண்டு, இடிக்கப்பட்ட காலம், கட்டியவர், இடித்தவர் என்பவற்றோடு, அங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர் எண்ணிக்கையும் பொறிக்கப்படவேண்டும். பிஷப்மார் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும் அதில் வேண்டா. எண்ணிக்கை ஆய்வாளரிடையே வேறுபடுவதால், அதனை உறுதிசெய்யும் வரையில் அவ்வரியை வெறுமையாக விட்டுவைப்பதே நேர்மை என்று நமக்குத் தோன்றுகின்றது.